அம்மாவிடம் சொன்னீர்களா?

கேள்வி: நான் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வின் ஐந்தாம் ஆண்டில் இருக்கிறேன். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதங்களைப் பற்றியது என் ஆய்வு. வரும் மார்ச்சோடு உதவித்தொகை நின்றுவிடும். நெறியாளர் என் கட்டுரை வரைவை ஏழு மாதமாகப் படிக்காமல் வைத்திருக்கிறார். வேதிப்பொருள் வாங்கக் கொடுத்த கோப்பு மேசை மேசையாக அலைகிறது. மாதிரி சேகரிப்பதிலேயே பாதிக் காலம் போயிற்று. நோயாளிகள் கிடைத்தார்கள், ஒப்பீட்டுக் குழுவுக்கு ஐம்பது வயதை ஒட்டிய நலமானவர்கள்தாம் கிடைக்கவில்லை. இரண்டாம் ஆண்டின் முடிவில், என்னைப் பார்க்கச் சென்னைக்கு வந்த அம்மாவிடமே ரத்தம் எடுத்தேன். மூன்று மாதச் சர்க்கரை அளவு 7.4 என்று வந்ததால் அவரையும், அதேபோல் அளவு கூடுதலாக இருந்த இன்னும் மூவரையும் (விடுதிச் சமையலறையில் வேலை செய்யும் அக்காக்கள் இருவர், எங்கள் துறை உதவியாளர்) நீக்கிவிட்டு வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று. இப்போது வீட்டில் திருமணத்துக்கு அவசரப்படுத்துகிறார்கள். அம்மாவுக்கு முன்போல முடிவதில்லை, பாதம் எரிகிறது என்று இரவில் தூங்குவதில்லை. "என் உடம்பு தாங்கும்போதே உன்னைக் கரையேற்றிவிட வேண்டும்" என்கிறார். ஆய்வை விட்டுவிட்டு மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போய்த் திருமணத்துக்குச் சம்மதிப்பதா, எப்படியாவது முடிப்பதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே சுருக்கித் தந்திருக்கிறோம். அதில் இரண்டு பக்கம் நெறியாளரைப் பற்றியது, ஒரு பக்கத்துக்கும் மேல் திருமணப் பேச்சைப் பற்றியது. இத்தகைய கடிதங்கள் ஆய்வு மாணவர்களிடமிருந்து எனக்கு மாதம் தவறாமல் வருகின்றன. வரைவைப் படிக்காத நெறியாளரும், நகராத கோப்பும், ஊரிலிருந்து வரும் ஜாதகமும் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் மூன்றாம் பக்கத்தின் நடுவில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைத் தாண்டி என்னால் வர முடியவில்லை. 7.4 என்று வந்ததால் அம்மாவை நீக்கிவிட்டீர்கள்.

நீக்கினீர்கள், சரி. அம்மாவிடம் சொன்னீர்களா?

கடிதத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன். சொன்னதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. சொல்லியிருந்தால், அதே அம்மாவுக்குப் பாதம் எரிகிறது என்று அடுத்த பக்கத்தில் எழுதும்போது மருத்துவரைப் பார்த்தோம், மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஏதாவது ஒன்றை எழுதியிருப்பீர்கள். அந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் ஒரு பக்கம் இருக்கிறது. இரண்டரை ஆண்டுகளும் இருக்கின்றன. நீரிழிவில் நரம்பு பாதிக்கப்படுவதைப் பற்றி உங்கள் ஆய்வேட்டின் முதல் இயலிலேயே எழுதியிருப்பீர்கள். எரிச்சல் பாதத்தில் தொடங்கும், இரவில் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்த நீங்களே தாயின் பாத எரிச்சலைத் திருமணப் பேச்சின் ஒரு பகுதியாக மட்டும் கேட்டிருக்கிறீர்கள்.

பாதம் எரிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பி12 வைட்டமின் குறைவு அவற்றில் ஒன்று. அவருடைய எரிச்சல் எதனால் என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் 6.5 விழுக்காட்டைத் தொட்டாலே நீரிழிவு என்று கொள்ளப்படும் ஓர் அளவு 7.4 என்று வந்திருந்தது. அது ஒருத்தியின் கண்ணில் பட்டிருந்தது. அவள் அந்த வீட்டுப் பெண்.

உங்கள் மறுப்பு என்னவாக இருக்கும் என்பதை நான் அறிவேன், ஏனெனில் நானும் ஓர் உயிர்வேதியியல் துறையில் நெடுங்காலம் வேலை செய்தவள். ஆய்வுக்கூட அளவு நோயறிதல் அறிக்கை ஆகாது என்பீர்கள். உண்மை. ரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அதற்குள் எவ்வளவு சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டியது என்பதைத்தான் இந்த அளவு காட்டுகிறது. நம் ஊர்ப் பெண்களிடம் மலிந்து கிடக்கும் இரும்புச்சத்துக் குறைவால் சர்க்கரை கூடாமலே இந்த எண் சற்றுக் கூடிவிடக்கூடும். ஆகவே அந்த ஒற்றை எண்ணை வைத்து அவரை நோயாளி என்று நீங்கள் தீர்ப்பளித்திருக்கக் கூடாது. ஆனால் மறுபடி சோதிக்க வேண்டும் என்பதற்குத்தான் இவையெல்லாம் காரணங்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு இவற்றில் ஒன்றும் காரணம் ஆகாது. மேலும், அவரை உங்கள் அறுபது பேர் பட்டியலிலிருந்து நீக்கும் அளவுக்கு அந்த எண்ணை நீங்கள் நம்பினீர்கள். அட்டவணைக்கு நம்பத் தகுந்ததாக இருந்த எண், அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையம்வரை அழைத்துப் போவதற்கு மட்டும் நம்பத் தகாததாக எப்படி ஆயிற்று?

என் நம்பிக்கையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் ஒருத்தியைப் படிக்க வைப்பதற்காக மற்றவர்கள் தங்களைச் சுருக்கிக்கொள்கிறார்கள். அந்தப் படிப்பு முதலில் கடன்பட்டிருப்பது அந்த வீட்டுக்குத்தான். பெண் வெளியூரில் படிக்கிறாள், உதவித்தொகை வாங்குகிறாள், நாலு பேர் மதிக்கிறார்கள் என்பதால் அந்தக் கடன் தள்ளுபடி ஆவதில்லை. நீங்கள் எழுத்துத் துறையிலோ கணிதத்திலோ ஆய்வு செய்திருந்தால் உங்களை இவ்வளவு கடிந்திருக்க மாட்டேன். நீங்கள் படித்ததே இந்த நோயை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2023-இல் வெளியான இந்தியாப் (INDIAB) ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டதை உங்கள் முன்னுரையில் எடுத்தாண்டிருப்பீர்கள். அந்தப் பத்துக் கோடியில் ஒருவர் உங்களுக்குக் கட்டுச்சோறு கொண்டுவந்து, கையை நீட்டி, ஊதா மூடிக் குழாயில் ரத்தம் கொடுத்துவிட்டு, மகள் படிப்புக்கு உதவினோம் என்ற மகிழ்ச்சியோடு பேருந்து ஏறிப் போயிருக்கிறார்.

இனி மற்ற மூவர். சமையலறை அக்காக்கள் இருவரும் உங்கள் துறை உதவியாளரும் உங்களுக்கு உறவினர் இல்லை, அதனால் அவர்களைப் பற்றி என் குரல் தணியும் என்று நினைத்தால் அது தவறு. அம்மாவாவது மறுத்திருக்க முடியும். நீங்கள் தினமும் சாப்பிடும் விடுதியில் வேலை பார்ப்பவர், நெறியாளரின் அறையைத் திறந்துவிடுபவர், முடியாது என்று உங்களிடம் சொல்லியிருப்பாரா? இப்படி மேலிருப்பவர்களின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்களை ஆய்வில் சேர்க்கும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் ஐசிஎம்ஆர் தேசிய நெறிமுறைகள் சொல்கின்றன. அவர்கள் நால்வரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்களா? நோய் தெரியவந்தால் என்ன செய்வோம் என்று அந்தப் படிவத்தில் ஒரு வரியாவது இருந்ததா? பல்கலைக்கழக ஊழியர்களிடமும் சொந்த வீட்டாரிடமும் ரத்தம் எடுப்பதற்கு நெறிமுறைக் குழு அனுமதித்திருந்ததா? இவை எதையும் நீங்கள் எழுதவில்லை.

குற்றம் முழுவதையும் உங்கள் தலையில் வைக்கவும் எனக்கு மனமில்லை. ஆய்வு நெறிமுறைப் பாடம் எல்லா ஆய்வு மாணவர்களுக்கும் கட்டாயம். அந்தப் பாடத்தில் ஆய்வேடு பிறர் எழுத்தோடு ஒத்திருப்பது 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதை ஒவ்வொரு மாணவரும் மனப்பாடமாகக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். உங்கள் கையில் வந்த ஒரு மனிதரின் கெட்ட எண்ணை என்ன செய்வது என்பதை எத்தனை நெறியாளர்கள் உட்காரவைத்துச் சொல்லித்தருகிறார்கள்? மாதிரிக்கு எண் இட்டு, பெயரைப் பிரித்து, உறைபெட்டியில் மைனஸ் 80 பாகையில் வைத்த பிறகு அது யாருடைய ரத்தம் என்பது மறந்துபோகும் பழக்கம் உங்களோடு தொடங்கியதில்லை. நெறியாளர் வரைவைப் படிக்கவில்லை என்று இரண்டு பக்கம் குறைப்பட்டிருக்கிறீர்கள். நான்கு பேர் நீக்கப்பட்டபோது அவர் ஏன் ஒரு கேள்வி கேட்கவில்லை என்ற குறைதான் எனக்கு அதைவிடப் பெரியதாகப் படுகிறது.

ஆய்வின் பக்கமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஒப்பீட்டுக் குழுவில் நீரிழிவு உள்ளவர் இருக்கக் கூடாது என்பது உங்கள் விதி என்றால், அவர்களை நீக்கியது சரியே. நீக்கியதை மறைப்பதுதான் தவறு. எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேரை எந்தக் காரணத்துக்காக விலக்கினீர்கள் என்பது ஆய்வேட்டில் இருக்க வேண்டும். அவர்களுக்குப் பதிலாகத் தேடிய "வேறு ஆள்" யார்? ஐம்பது வயதுக்காரர் கிடைக்காமல் விடுதித் தோழிகளிடம் எடுத்திருந்தால், உங்கள் புரதங்களில் தெரியும் வேறுபாடு நோயினால் வந்ததா வயதினால் வந்ததா என்பதை எந்தத் தேர்வாளரும் கேட்பார். ஆய்வுக் குறிப்பேட்டில் அந்த நாளின் பதிவு இல்லையென்றால், இன்றைய தேதியிட்டு, நினைவிலிருந்து எழுதுவதாகக் குறிப்பிட்டு எழுதுங்கள். பழைய தேதியைப் போடாதீர்கள்.

நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டுகள் உண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தளர்வு தர இடமுண்டு. ஆகவே மார்ச்சில் நிற்கப் போவது மாதம் 42,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும்தான். உங்கள் பதிவு அல்ல. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் நீங்கள் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில், வரைவை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதை எழுத்தில் வையுங்கள். ஏழு மாதமாகப் படிக்காதவர் மற்ற பேராசிரியர்கள் முன்னால் படிக்கத் தேதி சொல்வார். கோடிங் வேலை கௌரவக் குறைவானது என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குப் பணம் தேவையென்றால் போங்கள். ஆனால் அந்த நான்கு பேரின் கணக்கை முடிக்காமல் போகாதீர்கள்.

திருமணம் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். "என் உடம்பு தாங்கும்போதே" என்று அவர் சொல்வதற்கு அடியில் இருப்பது அவருக்கே பெயர் தெரியாத ஒரு நோயாக இருக்கலாம். அதன் பெயரும் மருந்தும் தெரிந்த பிறகு அவர் இதே அவசரத்தோடு பேசுகிறாரா என்று பாருங்கள். நல்ல வரன் என்றால் அப்போதும் நல்ல வரன்தான்.

மூவரிடமும் நீங்களாகப் போய் நடைக்கூடத்தில் சொல்லிவிடக் கூடாது. முதலில் நெறியாளரிடமும், அவர் தயங்கினால் நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலரிடமும் எழுத்தில் தெரிவித்து, ஒரு மருத்துவர் உடனிருக்க, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்டுச் சொல்லுங்கள். இதை இந்த வாரமே தொடங்குங்கள்.

அம்மாவிடம் சொல்வதற்கு எந்தக் குழுவுக்காகவும் காத்திருக்க வேண்டாம். அவர் பெற்ற பிள்ளையாக நீங்கள் சொல்வதை யாரும் தடுக்கப் போவதில்லை. தொலைபேசியில் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளாமல், வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் ஊருக்குப் போங்கள். சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 என்பவை எல்லைகள் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹீமோகுளோபினையும் பி12-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவு உறுதியானால் சிறுநீரில் ஆல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்து, கண்மணியை விரிவாக்கி விழித்திரையைச் சோதித்து, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையையும் செய்யவைத்துவிட்டுத்தான் நீங்கள் சென்னைக்குத் திரும்ப வேண்டும். வெறுங்காலோடு நடக்கிறவராக இருந்தால், அன்றைக்கே ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பு வாங்கிக் கொடுங்கள். மாத்திரைக்கு அவர் மாதாமாதம் அலைய வேண்டியதும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.

எப்படித் தொடங்குவது என்று தயங்கினால், பேருந்திலேயே சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்: "அம்மா, அன்னைக்கு என் வேலைக்காக உங்ககிட்ட ரத்தம் எடுத்தேன் இல்லையா, அதுல சர்க்கரை கூட இருந்துச்சு. நான் உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்." இரண்டாம் வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.