துளையிட்ட டின்னும் சமைத்த சோறும்

கேள்வி: பேரழிவில் தப்பிப் பிழைத்த இருநூறு பேர் செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் கடுமையான விதிகளுக்கு உட்பட்டு வாழ்வதாக ஒரு நாவல் எழுதி வருகிறேன். முதல் மூன்று அத்தியாயங்களை இத்துடன் அனுப்பியுள்ளேன். படித்த நண்பர்கள், விதிகள் ஆங்கிலப் படத்தில் வருவதைப் போல இருக்கின்றன, நம்ப முடியவில்லை என்கிறார்கள். எங்கே பிசகுகிறது?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: மூன்று அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளச் சுவரில் 41 விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. சிரிக்கக் கூடாது, இரவில் பேசக் கூடாது, சன்னலைத் திறக்கக் கூடாது என்று அவை நீண்டுகொண்டே போகின்றன. ஆனால் அவற்றில் ஒன்றாவது எந்தத் தட்டுப்பாட்டால், எந்தச் சாவுக்குப் பிறகு, யார் கேட்டு வந்தது என்பது எங்குமே தெரியவில்லை. கொடுமைக்காகவே இயற்றப்பட்ட விதியை வாசகர் நம்ப மாட்டார். ஒரு காலத்தில் உயிரைக் காத்த விதி, காரணம் போன பின்னும் போகாமல் நிற்கும்போதுதான் அவருக்கு அடிவயிறு கலங்கும். இரண்டாம் அத்தியாயத்தில் பாட்டி ஒருவர் துருப்பிடித்த பால் டின்னால் தண்ணீர் அளந்து ஊற்றி, விளிம்பில் தங்கிய சொட்டையும் விரலால் வழித்து அடுத்தவர் பாத்திரத்தில் விடுகிறாரே, அந்த ஓரிடத்தில் மட்டும்தான் உங்கள் கட்டடத்தில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

இதற்கு நீங்கள் வெளிநாட்டுப் படங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. மலாயாவில் 1948-இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு, 1950 முதல் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்கம்பி வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். தோட்டங்களில் நம்மவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களையும் ஒன்றுசேர்த்து வேலி போட்டார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பதே நோக்கம். பதுக்கி வைக்க முடியாதபடி, கடைக்காரர் உணவு டின்னை விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் அரிசியை வீட்டுக்கே தராமல், பொதுச் சமையற்கூடத்தில் வடித்துச் சோறாகத்தான் கொடுத்தார்கள். நம் வெக்கையில் சோறு மறுநாளே ஊசிப்போகும் என்ற கணக்கு. ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் விடியற்காலையில் வேலிக் கதவருகே சோதனைக்கு வரிசையில் நின்றார்கள். கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட், 1985-இல் வெளிவந்த ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலை எழுதியபோது, மனித வரலாற்றில் எங்காவது நடந்திராத எதையும் அதில் சேர்ப்பதில்லை என்று தமக்குத்தாமே வரையறை வைத்துக்கொண்டார். நம் வரலாற்றை வைத்துக்கொண்டு நீங்களும் அதைச் செய்யலாம்.

உங்கள் கதையில் தண்ணீருக்குப் பஞ்சம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் கோலாலம்பூரில், பிற்பகல் இடிமழையைப் பார்த்தே வளர்ந்த வாசகர் இதை எப்படி ஏற்பார்? மழைநீர் கிடைக்கும், பிடித்து வைக்கத்தான் பாத்திரம் போதாது, காய்ச்சத்தான் விறகு இராது. பிடித்து வைத்த நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஏழெட்டு நாளில் புதுக் கொசுக்கள் பறக்கத் தொடங்கிவிடும். மருத்துவர் இல்லாத கட்டடத்தில் டிங்கி காய்ச்சல் எத்தனை வீட்டைப் பாழாக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே, மூடாத பாத்திரம் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது என்று ஒரு விதி பிறக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயே அழுது மன்றாடி அதைக் கொண்டுவருகிறாள் என்று வையுங்கள். விதி வந்தால் சோதிக்க ஆள் வேண்டும். சோதிக்கிறவருக்கு எந்நேரமும் எந்தக் கதவையும் தட்டும் உரிமை வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து அவர் அதே தாயின் கதவைத் தட்டி உள்ளே வருகிறார். பாத்திரங்களின் பக்கம் திரும்பாமலே அலமாரியைத் திறக்கிறார். சுவரிலுள்ள 41 விதிகளையும் அழித்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தை மீண்டும் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: இத்தகைய கதைகளில் கொடுங்கோல் தலைவர் ஒருவர் கட்டாயம் வேண்டுமா?
(ஆசிரியை, ஜார்ஜ்டவுன், பினாங்கு)

பதில்: வேண்டியதில்லை, பதிவேட்டை வைத்திருக்கும் ஒருவர் போதும். தோட்டத்துரையின் அதிகாரம் லயத்து வாசல்வரை வந்தது, நம் மொழியே பேசிய, பல வேளைகளில் நம் ஊரிலிருந்தே ஆள் திரட்டி வந்த கங்காணியின் வழியாகத்தான். யார் கடன்பட்டிருக்கிறார், யார் வீட்டில் காய்ச்சல் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கதை எழுதுகிறவர் இன்னும் அருகிலும் பார்க்கலாம். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, அடுத்த சில வாரங்களில் வீட்டுக்கு ஒருவர், பத்து கிலோமீட்டருக்குள் என்று விதி இறுகியபோது, நோயைத் தடுக்க அது தேவை என்று நானும் மனமாரக் கடைப்பிடித்தேன். ஒருநாள் காலையில் எதிர்வீட்டிலிருந்து மூன்று பேர் காரில் ஏறுவதைச் சன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். புகார் சொல்வதற்கான எண்ணை என் விரல் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.