நீலகிரி மாவட்டம் தேவாலா, பந்தலூர் பழைய தங்கச் சுரங்கங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்கள் எஸ்டேட் சரிவில் புதர் மூடிய குகை ஒன்று இருக்கிறது. திப்பு சுல்தான் போன வழி என்கிறார்கள், உண்மையா?

உள்ளே போகாதீர்கள் தம்பி, வாசலில் நின்றே பக்கப் பாறையைப் பாருங்கள். விரல் தடிமனில் நேராக ஓடும் அரைவட்டப் பள்ளம் தெரிந்தால், அது வெடிமருந்து திணிக்கத் துளைத்த துளையின் மீதி. அப்படியென்றால் பெரும்பாலும் அது 1880 வாக்கில் ஆங்கிலேயக் கம்பெனிகள் வெட்டிய சுரங்கம்.

கேள்வி: அதற்கு முன்னால் இங்கே தங்கம் எடுத்தார்களா?

எடுத்தார்கள். இங்குள்ள பழங்குடிகளான பணியரும் குறும்பரும் ஓடை மணலை மரத்தட்டில் அலசி அலசி எடுத்ததுதான் தொடக்கம். பணியர் அப்போது நிலக்காரர்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள், இந்த வரலாற்றைச் சொல்லும்போது பலரும் கம்பெனிப் பெயர்களிலிருந்து ஆரம்பிப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

கேள்வி: அவ்வளவு பணம் போட்டவர்கள் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணச் சுரங்கத் துறையில் இருந்த பிரஃப் ஸ்மித்தை 1879-ல் அரசு இங்கே வரவழைத்தது. அவருடைய அறிக்கை நம்பிக்கை தருவதாக இருந்தது, அவ்வளவுதான், லண்டனில் கம்பெனிகள் வரிசையாக முளைத்தன, பங்குகள் பறந்தன, அடியில் தங்கம் இருக்கும் என்று நம்பிக் காபித் தோட்டங்களைப் பல மடங்கு விலைக்கு வாங்கினார்கள், கல்லை இடிப்பதற்கு முன்பே போட்ட முதலீட்டில் பெரும்பகுதி கரைந்துபோனது. அப்புறம்தான் வேலை. வெங்கச்சங்கல்லை, அதாவது தங்கம் கலந்த குவார்ட்ஸ் பாறையை, இரும்பு உலக்கைகளால் பொடியாக்கி, தண்ணீரோடு பாதரசம் பூசிய செம்புத் தகட்டின் மேல் ஓடவிடுவார்கள், தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். மேலாகக் கிடந்த சிதைந்த கல்லுக்கு அது சரி. ஆழத்தில் கந்தகம் கலந்த கல்லில் தங்கம் அவ்வளவு எளிதாகப் பிரியாது. டன்னுக்குச் சில கிராம்தான், கூலிக்கும் இயந்திரத்துக்கும் கட்டவில்லை. தங்கம் பொய்யில்லை, கணக்குதான் பொய்த்தது.

கேள்வி: மிச்சம் என்ன இருக்கிறது?

சுரங்க வாய்கள், கல் குவியல்கள், அங்கங்கே துருப்பிடித்த இரும்பு. நிலமெல்லாம் தேயிலையாகிவிட்டது.

கேள்வி: சார், இப்பவும் சிலர் ராத்திரியில் இறங்குகிறார்களே?

வேண்டவே வேண்டாம். மழையில் ஊறிய கூரை எப்போது சரியும் என்று சொல்ல முடியாது, உள்ளே மூச்சுக்குக் காற்றும் இருக்காது. உயிர் போயிருக்கிறது. தங்கத்தைப் பிரிக்கப் பாதரசத்தை வீட்டு அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் அந்தப் புகை முதலில் பிள்ளைகளின் நரம்பைத்தான் பிடிக்கும். உங்கள் பக்கத்தில் திறந்த குழி இருந்தால் வருவாய்த் துறைக்கு இன்றைக்கே எழுதிக் கொடுங்கள், மாடு மேய்க்கிற பிள்ளைகள் போகிற வழி அது.