வெள்ளிக்கிழமை மதியமே காலியாகும் விடுதி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு படிக்கிறேன், விடுதி வாசம். வீடு ரொம்ப தூரம் என்பதால் செமஸ்டர் லீவுக்குத்தான் போக முடியும். ஆனால் இங்கே வெள்ளிக்கிழமை மதியமே எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என் தளத்தில் பதினாறு அறை, சனிக்கிழமை ராத்திரி மூன்றில்தான் விளக்கு எரிகிறது. ஞாயிறு திரும்பி வந்து அவர்கள் ஊர்க்கதை பேசும்போது நான் சும்மா தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தப்பான இடத்தில் வந்து சேர்ந்துவிட்டேனோ? வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடலாமா?
— முதலாமாண்டு மாணவி

பதில்: மாறுவதைப் பற்றி அப்புறம் பேசுவோம். கிளம்பிப் போகிற அந்தப் பதின்மூன்று அறைக்காரர்களும் பையைக் கட்டும்போது உங்களைப் பற்றி யோசித்துக்கூட இருக்கமாட்டார்கள். கேட்கக் கசப்பாக இருக்கும்தான், ஆனால் உங்களை ஒதுக்குவதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அதற்கு இதுவே பதில். ஒருவருக்கு ஊரில் பகுதி நேர வேலை, ஒருவருக்குப் பள்ளிக்கால நட்பு, இன்னொருவருக்கு அழுக்குத் துணி. மீதிப் பேர் போவதற்குக் காரணம், சனிக்கிழமை இங்கே ஒருத்தரும் இருக்கமாட்டார்கள் என்ற எண்ணம். அவர்கள் போவதால் உண்மையிலேயே ஒருத்தரும் இருப்பதில்லை. இந்தச் சுழலை நீங்கள் ஒற்றை ஆளாக நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம்.

இது உங்கள் வளாகத்துக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. அமெரிக்காவில் இப்படிப்பட்ட இடங்களுக்குச் ‘சூட்கேஸ் காலேஜ்’ என்றே பெயர். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகம் 1425-இல் தொடங்கியது, ஊரே மாணவர்களால் நிறைந்த ஊர், அங்கேயும் வெள்ளிக்கிழமை ஆனால் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு ரயில் பிடிக்க ஓடுகிறார்கள். அதனால் அங்கே கூத்து கும்மாளமெல்லாம் வார நாள் ராத்திரிகளில் நடக்கிறது. உங்கள் வளாகத்திலும் வியாழக்கிழமை ராத்திரிதான் சனிக்கிழமை ராத்திரியாக இருக்கும், கவனித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருந்தால் (படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள்) வாரத்தின் நல்ல பங்கு கைநழுவிப் போகிறது. அசைன்மென்டைச் சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள். அமைதியான, காலியான வளாகம் அதற்குத்தான் லாயக்கு.

இன்னொரு கணக்கு சொல்கிறேன். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராக மாற ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்ல 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கிறது என்று சொன்னது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த நேரம் இதில் அவ்வளவாகச் சேராது, சும்மா பேசி, விளையாடி, வெட்டியாகக் கழித்த நேரத்துக்குத்தான் மதிப்பு. திங்கள் முதல் வியாழன் வரை சாயந்திரம் இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 8 மணி நேரம். ஆறேழு வாரத்தில் 50 வந்துவிடும், 200-க்கு 25 வாரம் ஆகும். ஆக, சனி ஞாயிறு இல்லாமலே ஒரு கல்வியாண்டுக்குள் நெருங்கிய தோழி கிடைக்கக் கணக்கு இடம் கொடுக்கிறது. இரண்டாவது மாதத்திலேயே ‘எனக்கு யாருமே இல்லை’ என்று முடிவு கட்டுவதுதான் அவசரம்.

எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) மாணவர் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் மூன்று பேரும் ஆராய்ந்து 1950-இல் வெளியிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரரை நெருங்கிய நண்பர் என்று சொன்னவர்கள் 41 சதவீதம், அதே தளத்தின் மறுகோடியில் இருப்பவரைச் சொன்னவர்கள் 10 சதவீதம். மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு வேறு தளத்திலும் சிநேகம். குணம், ரசனை எல்லாம் அப்புறம், முதலில் கண்ணில் பட வேண்டும். அதனால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பொது அறைக்கு வாருங்கள், அறையில் இருக்கும்போது கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

சரி, சனி ஞாயிறுக்கு என்ன வழி? அந்த மூன்று அறை விளக்கைப் பாருங்கள். வேறு தளங்களிலும் ஆராய்ச்சி மாணவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், விளையாட்டுப் பயிற்சிக்காகத் தங்குபவர்கள், வீட்டில் நிம்மதி இல்லாததால் போகாதவர்கள் என்று சிலர் இருப்பார்கள். ‘இந்த வாரம் என்ன பண்ணலாம்?’ என்று கேட்டால் யாரும் வரமாட்டார்கள். ‘சனிக்கிழமை பதினொரு மணிக்கு மைதானத்தைச் சுற்றி நடக்கிறேன், வர்றீங்களா?’ என்று கேளுங்கள். வாராவாரம் அதே நேரம், அதே இடம், யாரும் வராவிட்டாலும் நீங்கள் நடங்கள். இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் அதுவே ஒரு ஜமா.

முக்கியமாக, ஞாயிறு ராத்திரியைக் கோட்டை விடாதீர்கள். ஊரிலிருந்து திரும்பி வருகிறவள் லேசாகக் கலங்கித்தான் வருவாள், பை கனமாக இருக்கும், மறுநாள் காலை வகுப்பு வேறு. அந்த நேரத்தில் தளத்தில் விளக்குப் போட்டுக்கொண்டு ஒருத்தி இருப்பது சின்ன விஷயமில்லை. அவர்களுடைய ஊர்க்கதைக்குத் தலையாட்டுவதோடு நிறுத்தாமல், போன வாரம் சொன்ன கதையின் மீதியைக் கேளுங்கள். ‘உன் அண்ணன் அந்த வேலைக்குப் போனானா இல்லையா?’

மாறுவது பற்றி: பாடம் பிடிக்கவில்லை, சொல்லித் தருவது சரியில்லை என்றால் மாறுங்கள். சனிக்கிழமைக்காக மாறாதீர்கள், குறைந்தது இரண்டாவது செமஸ்டர் முடியும் வரையாவது.

கேள்வி: நான் வாராவாரம் ஊருக்குப் போகிறவன். இங்கே தங்குகிற நாலைந்து பேர் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள், நான் மட்டும் வெளியாள் மாதிரி இருக்கிறேன். நடுவில் போய் நின்றால் தொந்தரவாக நினைப்பார்களோ?
— இரண்டாமாண்டு மாணவர்

பதில்: தம்பி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை தங்குங்கள், போதும். தங்குகிற வாரத்தை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முடிவெடுத்தால் கால் தானாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும். தொந்தரவாக நினைப்பார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. எரிக்கா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பேசி முடித்ததும் எதிராளிக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்பதை மக்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. ஒரே விடுதியில் சேர்ந்து தங்கிய மாணவர்களிடமும் இந்த நினைப்பு பல மாதங்கள் போகவில்லை. உங்களுக்கு மட்டும் உடனே போய்விடுமா என்ன?

கேள்வி: மகள் வாராவாரம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அங்கே அவளுக்குச் சிநேகிதிகளே இல்லையோ என்று கவலை. வராதே என்று சொல்லலாமா?
— ஓர் அம்மா

பதில்: வேண்டாம், கதவைச் சாத்தியது போல ஆகிவிடும். புதன்கிழமை போனில் ‘எப்போ வர்றே?’ என்று கேட்கிறீர்கள் இல்லையா, அதை மட்டும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். அவள் இரண்டு நாள் வராமல் இருந்தால் உங்களுக்கும் வீடு வெறிச்சோடித்தான் இருக்கும், அதை அவளிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லாதீர்கள்.