ஐ.சி.எஃப் காலனியில் வளர்ந்த காலம்

நகரத்தை ஒட்டி, எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த ஒரு குடியிருப்பில் வளர்ந்து அங்கேயே பள்ளிக்கும் போனது எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 1983இல் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை சென்னை வில்லிவாக்கத்தை ஒட்டிய ஐ.சி.எஃப் காலனியில்தான் இருந்தோம். அப்பா ஐ.சி.எஃப் தொழிற்சாலையில் வெல்டர்.

1955இல் நேரு திறந்து வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை அது. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தில் முதலில் பெட்டியின் கூட்டை, அதாவது 'ஷெல்'லை மட்டும் செய்தார்கள். உள்ளே இருக்கை, மின்விசிறி பொருத்தும் 'ஃபர்னிஷிங்' பிரிவு 1962இல்தான் வந்தது. அதனால் காலனியில் புதிதாக ஒரு பிள்ளையைப் பார்த்தால், "உங்கப்பா ஷெல்லா, ஃபர்னிஷிங்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

காலையில் ஆலைச் சங்கு ஊதினால் அப்பாக்கள் சைக்கிளில் கிளம்புவார்கள், அப்புறம் நாங்கள். என் வகுப்பில் தெலுங்கு, மலையாளம், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். அதிகாரி வீட்டுக் குவார்ட்டர்ஸ் பெரியது, எங்களுடையது ஒரு படுக்கையறை. வீட்டில் இருந்த அந்த வித்தியாசம் வகுப்பு பெஞ்சில் கிடையாது. கணக்கு டீச்சர் எங்கள் பின்வரிசையில் குடியிருந்தார். பரிட்சைத் தாள் கையில் வருவதற்கு முன்பே, ரேஷன் கடை வரிசையில் அம்மாவுக்கு என் மார்க் தெரிந்துவிடும். பெண் பிள்ளையாக இது மூச்சு முட்டியதுண்டு. யாரோடு பேசிக்கொண்டு வந்தேன், எந்த வழியாக வந்தேன் என்பதெல்லாம் எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எனக்கும் தம்பிக்கும் சாப்பாடு கட்டி அனுப்பியதும் அதே பெண்கள்தான். யாரும் முறை வைத்துக்கொள்ளவில்லை. காலையில் வாசலில் டிபன் கேரியர் இருக்கும்.

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு தொழிற்சாலைக்குள் போகலாம். சன்னலுக்கு வெறும் துளைகள், அடியில் சக்கரம் இல்லை, அப்படியே தாங்கிகளின் மேல் ஒரு பெட்டி நின்றது. அப்பா என் விரலைப் பிடித்து இரண்டு தகடு சேரும் இடத்தில் தடவிக் காட்டினார். "ஏதாவது தட்டுப்படுதா?" ஒன்றும் தட்டுப்படவில்லை. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை வீட்டில் நான் பார்த்ததில்லை.

அந்தக் காலனி அவ்வளவு நெருக்கமாக இருந்ததற்குக் காரணம், அங்கே யாருக்கும் வீடு சொந்தமில்லை என்பதுதான் என்று இப்போது நினைக்கிறேன். எல்லைச் சண்டை, வாடகைச் சண்டை எதுவும் கிடையாது. முருங்கை வைத்தவர் ஒருவர், காய் பறித்தவர் இன்னொருவர். அதே காரணத்தால்தான் பிரிவும் வந்தது. அப்பா ரிட்டயர் ஆனால் சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கூடவே படித்த பிள்ளை திடீரென்று அம்பத்தூருக்கோ கொளத்தூருக்கோ போய்விடுவாள். அடுத்த வாரம் அவள் வீட்டுக் கொடியில் வேறு யாருடைய துணியோ காயும்.

1998இல் மத்திய அரசு ஓய்வு வயதை 58இலிருந்து 60 ஆக்கியது. செய்தியாக அது ஒரு வரி. எங்கள் வரிசைக்கு அது திருவிழா. அடுத்த ஆண்டு கிளம்ப வேண்டியிருந்த நாங்கள் 2001 வரை இருந்தோம், நான் அதே பள்ளியில் ப்ளஸ் டூ முடித்தேன். அந்த இரண்டு வருஷம் கிடைக்காமல் இருந்திருந்தால், ப்ளஸ் ஒன் நடுவில் முகம் தெரியாத பள்ளிக்கு மாறியிருப்பேன்.

அப்புறம் திருமுல்லைவாயலில் வீடு கட்டிக்கொண்டு போனோம். முதல் வாரமே அம்மா பழைய பழக்கத்தில் பக்கத்து வீட்டுச் சமையலறை வரைக்கும் போய்க் கறிவேப்பிலை கேட்டிருக்கிறார். அந்த வீட்டு ஆன்ட்டி திகைத்து நின்று, பிறகு, "நீங்க எந்தக் காலனி?" என்று கேட்டாராம். அவர் கணவர் ஃபர்னிஷிங்.