செப்டம்பரில் அதிகாரியான மகளுக்குச் சீருடைப் பணம் அடுத்த ஜூலையில்தானா?

கேள்வி: என் மகள் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து, 2025 செப்டம்பரில் ராணுவத்தில் லெப்டினன்ட் ஆனாள். இப்போது வடக்கே ஒரு யூனிட்டில் இருக்கிறாள். விழாச் சீருடை, மெஸ் உடை, பூட்ஸ், குளிர்கால உடுப்பு என்று ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய் கைக்காசு போட்டுவிட்டோம். சீருடைப் பணம் பற்றிக் கேட்டதற்கு, “ஜூலை போயிடுச்சு, இனி அடுத்த ஜூலைதான்” என்று யூனிட் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். முன்பெல்லாம் புது அதிகாரிக்கு எடுத்தவுடனே ஒரு தொகை தருவார்கள் என்கிறார் எங்கள் ஊர் ஓய்வுபெற்ற சுபேதார். பில்லைக் கொடுத்து முழுத் தொகையும் வாங்க முடியுமா? இதற்கு வரி உண்டா? மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குப் போடலாமா, அல்லது நானே பாதுகாப்பு அமைச்சருக்கு எழுதட்டுமா?

– ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

பதில்: சுபேதார் சொன்னது சரி. ஆனால் அது பழைய கதை. ஏழாவது ஊதியக் குழுவுக்கு முன்னால் அதிகாரிகளுக்கு முதல் சீருடைக்கு ஒரு தொகை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க ஒரு தொகை, பராமரிப்புக்கு மாதாமாதம் ஒரு தொகை என்று தனித்தனியாக வந்துகொண்டிருந்தது. 2017 ஜூலை 1 முதல் அத்தனையும் ‘டிரஸ் அலவன்ஸ்’ என்ற ஒரே படிக்குள் அடங்கிவிட்டன. முப்படை அதிகாரிகளுக்கு அப்போது ஆண்டுக்கு 20,000 ரூபாய். அகவிலைப்படி 50 சதவீதம் உயரும் ஒவ்வொரு முறையும் இது 25 சதவீதம் கூட வேண்டும் என்பது இந்தப் படிக்கான ஆணையிலேயே உள்ளது. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டது. தொகையும் 25,000 ஆனது. ராணுவச் செவிலியர் பணி அதிகாரிகளுக்கு மட்டும் இது 18,750.

இது மொத்தமாகக் கணக்கிட்டுத் தரும் படி. செலவு செய்ததைத் திருப்பித் தரும் ஏற்பாடு அல்ல. பில் கேட்கமாட்டார்கள். பில் கொடுத்தாலும் 25,000-க்கு மேல் ஒரு ரூபாய் கூடாது. புது அதிகாரிக்கு முதல் ஆண்டில்தான் செலவு குவிகிறது. பத்தாவது ஆண்டில் இருப்பவருக்கும் அதே தொகை. இது நியாயமா என்றால், எனக்கும் நியாயமாகப் படவில்லை. ஆனால் அது கொள்கை முடிவு. அதை எதிர்த்து உங்கள் மகள் வழக்காடுவதில் பயன் இல்லை. ஐம்பதாயிரத்தில் மீதியை மறந்துவிடுங்கள்.

“அடுத்த ஜூலைதான்” என்ற பதிலை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை ஜூலைச் சம்பளத்தோடு இந்தப் படியை வரவு வைக்க வேண்டும் என்று ஆணை சொல்கிறது. ஜூலை பட்டுவாடா செய்யும் மாதம், அவ்வளவுதான். ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்தவர் பதினோரு மாதம் சொந்தக் காசில் சீருடை உடுத்த வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்தக் குழப்பம் பல துறைகளில் இருந்தது. மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2025 மார்ச்சில் இதற்கு விளக்கம் தந்தது: ஜூலைக்குப் பின் பணியில் சேர்பவருக்கு, ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, சேர்ந்த மாதம் முதல் அடுத்த ஜூன் வரையுள்ள மாதங்களால் பெருக்கித் தர வேண்டும். உங்கள் மகளுக்கு செப்டம்பர் முதல் ஜூன் வரை பத்து மாதம். 25,000-ஐ 12-ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கினால் 20,833 ரூபாய் வருகிறது. 2026 ஜூலையில் வரும் முழு 25,000 அதற்கு அடுத்த ஆண்டுக்கானது. இதோடு அதைக் கழிக்க முடியாது.

ஒரு சிக்கல் உண்டு. நிதி அமைச்சகம் சொல்வதைப் படைகளுக்கு அமல்படுத்துவது பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆணை வழியாகத்தான். “அது சிவிலியன்களுக்கு” என்று யாராவது தட்டிக்கழிக்கலாம். அதனால் மனுவை “தாருங்கள்” என்று மட்டும் எழுதாமல், “தர இயலாது என்றால் எந்த ஆணையின் எந்தப் பத்தியின்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும்” என்று முடிக்கச் சொல்லுங்கள். வாய்மொழி மறுப்பை எதிர்த்து எங்கேயும் போக முடியாது. என் அனுபவத்தில், இப்படிக் கேட்ட பிறகு பாதி மறுப்புகள் வரவாக மாறிவிடுகின்றன.

மனு யாருக்கு? ராணுவ அதிகாரிகளின் சம்பளக் கணக்கு முழுவதும் புனேயில் உள்ள பாதுகாப்புக் கணக்குகள் அலுவலகத்தில் இருக்கிறது. அதிகாரிகள் பேச்சுவழக்கில் சொல்லும் பெயர் பிசிடிஏ-ஓ. யூனிட் கிளார்க் அங்கே கணக்குப் போடுபவர் அல்ல. தகவல் அனுப்புபவர் மட்டுமே. எனவே மகள் முதலில் பார்க்க வேண்டியது, அதிகாரியாக ஆணை பெற்ற தேதியும் யூனிட்டில் சேர்ந்த தேதியும் பார்ட் டூ ஆர்டரில் (பணி விவரங்களைப் பதிவு செய்து யூனிட் வெளியிடும் ஆணை) வெளியாகிப் புனேக்குப் போயிருக்கிறதா என்பதை. அது போகாமல் இருந்தால் இந்தப் படி மட்டும் அல்ல, வேறு பலதும் நின்றிருக்கும். பிறகு செப்டம்பரிலிருந்து இன்றுவரை வந்த மாதாந்தரக் கணக்கு அறிக்கைகளை எடுத்து, டிரஸ் அலவன்ஸ் என்ற தலைப்பில் ஏதாவது வரவு இருக்கிறதா என்று வரி வரியாகத் தேடட்டும். பயிற்சிக் காலத்துப் படிகளுக்கான நிலுவையும் இதே சமயத்தில் வரும். அது தனி, இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு “வந்துவிட்டது” என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

வழக்கு பற்றி. மதுரைக் கிளைக்கு நேராகப் போக வேண்டாம். ராணுவத்தில் உள்ளவரின் ஊதியமும் படிகளும் 2007-ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டப்படி ‘பணி விவகாரம்’. முதல் கதவு அந்தத் தீர்ப்பாயம்தான். அதன் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் பர்ஷோதம் தாஸ் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. அது பிந்தைய கட்டம். தீர்ப்பாயத்துக்கும் சும்மா போக முடியாது. ராணுவச் சட்டம் 1950-இன் 27-ஆவது பிரிவுப்படி, கமாண்டிங் ஆபீசரிடம் மனு கொடுத்து நிவாரணம் கிடைக்காத அதிகாரி மத்திய அரசுக்குப் புகார் தரலாம். இப்படியான வழிகளைப் பார்த்து முடித்திருக்க வேண்டும். கொடுத்த மனுவுக்கு ஆறு மாதம் பதில் இல்லை என்றால் பார்த்து முடித்ததாகவே கருதப்படும். அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மறுத்து உத்தரவு வந்துவிட்டால், அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம். ஆகவே முதல் மனுவில் தேதியிட்ட ஒப்புகை வாங்குவது முக்கியம். சென்னையிலும் தீர்ப்பாயத்தின் கிளை உண்டு. ஆனால் மகள் பணியாற்றும் இடமோ பிரச்சினை எழுந்த இடமோ எந்தக் கிளையின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் போட வேண்டும். அப்பா குடியிருக்கும் ஊர் கணக்கில் வராது.

வெளிப்படையாகச் சொல்கிறேன், 20,833 ரூபாய்க்குத் தீர்ப்பாயம் வரை போகச் சொல்லி நான் ஆலோசனை தரமாட்டேன். வக்கீல் கட்டணமே அதைத் தாண்டிவிடும். அந்தப் பாட்ச் முழுவதற்கும் இதே பதில் சொல்லப்பட்டிருந்தால் மட்டும் யோசிக்கலாம். அதற்கு முன் பத்து ரூபாயில் ஒரு ஆர்டிஐ மனு போட்டு, புதிய அதிகாரிகளுக்கான டிரஸ் அலவன்ஸ் பற்றி நடைமுறையில் உள்ள ஆணைகளின் நகலைப் புனே அலுவலகத்திடம் கேட்கலாம். இதை மட்டும் நீங்களே உங்கள் பெயரில் செய்யலாம். தகவல் கேட்கக் குடிமகன் என்ற தகுதி போதும். அமைச்சருக்கு நீங்கள் எழுத வேண்டாம். சட்டத்தின் பார்வையில் பாதிக்கப்பட்டவர் அந்த அதிகாரி, நீங்கள் அல்ல. சேர்ந்த முதல் வருடமே ‘அப்பாவை விட்டு எழுத வைத்தவர்’ என்ற பேச்சு யூனிட்டில் எழுந்தால், அதன் விலை இருபதாயிரத்தைவிட அதிகம்.

வரி: 2025-26 நிதியாண்டு வருமானத்துக்குப் பழைய 1961 வருமான வரிச் சட்டமே பொருந்தும். அதன் 10(14) பிரிவும் 2பிபி விதியும், பணியில் அணியும் சீருடையை வாங்கவும் பராமரிக்கவும் தரப்படும் படிக்கு, உண்மையில் செலவான அளவுக்கு விலக்கு தருகின்றன. பில்களைப் பத்திரமாக வைக்க வேண்டியது இதற்காகத்தான். ஆனால் இந்த விலக்கு பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே. புதிய முறையில் படி முழுவதும் வருமானம். அதற்காகப் பழைய முறைக்கு ஓட வேண்டாம். புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போக, சம்பள வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வரியே இல்லை. ஆண்டின் ஒரு பகுதி மட்டும் லெப்டினன்ட் சம்பளம் வாங்கிய மகள் அந்த எல்லையை ஒட்டித்தான் இருப்பார். படிவம் 16 வந்ததும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பயிற்சி நிலுவையில் 2025 மார்ச் வரைக்குமான பகுதி இந்த ஆண்டு சேர்ந்து வந்து வரி ஏறினால், 89-ஆவது பிரிவில் நிவாரணம் உண்டு. வருமான வரி அறிக்கை தாக்கல் செய்வதற்கு முன்பே படிவம் 10ஈ-யை இணையத்தில் நிரப்பிவிட வேண்டும்; பின்னால் நிரப்பினால் நிவாரணத்தை நிராகரித்து நோட்டீஸ் வரும்.