ஆண்டு அனுபவித்தவருக்கு எதற்கு அழுகை?

கேள்வி: அம்மாவைப் பெற்ற எங்கள் ஆச்சி போன தையில் 97 வயதில் இறந்துவிட்டாள். மேளம், வெடி, பூத்தேர் என்று கல்யாணச் சாவாகவே எடுத்தார்கள். கொள்ளுப்பேரன்கள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். நான் அழுததற்கு, "ஆண்டு அனுபவிச்சுப் போனவளுக்கு எதுக்கு அழுகை?" என்று பெரியம்மா அதட்டினாள். இன்றும் அடுக்களைக்குள் போனால் தொண்டை அடைக்கிறது. இதற்கிடையில் ஆச்சி காதில் போட்டிருந்த பாம்படத்தை உருக்கி ஆளுக்கொரு மோதிரம் செய்யலாம் என்கிறார்கள் மாமாக்கள். ஆச்சியின் தங்கை, 90 வயது சின்ன ஆச்சி மட்டும் வேண்டாம் என்கிறாள். எனக்கும் மனசு ஒப்பவில்லை. நான்தான் மிகையாக நடந்துகொள்கிறேனா?
- பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்: இல்லை, அம்மா.

பெரியம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆச்சி பிறந்த காலத்தில் அம்மைக்கும் காலராவுக்கும் தப்பி ஐந்து வயதைத் தாண்டுவதே பெரும்பாடு. அப்படித் தப்பியவர் கொள்ளுப்பேரன் கையில் நெய்ப்பந்தம் எரியப் போனார் என்றால் ஊர் மேளம் அடிக்கத்தான் செய்யும். ஆனால் அதே மேளத்துக்கு நடுவில்தானே பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரியும் வைக்கிறார்கள்? உங்களுக்கு நாற்பது வயதென்றால், நாற்பது வருஷமாக அடுக்களையில் கேட்ட குரல் நின்றுபோயிருக்கிறது. பத்து வயதில் ஆச்சியை இழந்திருந்தால் இந்த அளவுக்கு உறைத்திருக்காது. அழுகை வந்தால் அழுங்கள்.

பாம்படத்துக்கு வருகிறேன். மாமாக்கள் போடும் கணக்கிலேயே ஓட்டை இருக்கிறது. பார்க்கக் கனமாக இருந்தாலும் பாம்படம் முழுத் தங்கம் அல்ல. மெல்லிய தகட்டுக்குள் அரக்கு அடைத்தது. உருக்கினால் கையில் மிஞ்சுவது அவர்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். முதலில் ஒரு பழைய ஆசாரியிடம் காட்டி, தங்கம் மட்டும் எவ்வளவு தேறும் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு, உங்களால் முடிந்தால், மற்றவர்கள் பங்கைப் பணமாகக் கொடுத்து நகையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பீரோவில் பூட்டி வைக்க அல்ல. சின்ன வயதில் காதுத் துளையை இழுத்து நீட்டக் கனமான குணுக்குப் போட்டு, மாதக்கணக்கில் வலி பொறுத்து வளர்த்த காது அது. பின்னால் வந்த பெண்கள் அப்படி வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். ஆச்சி தைத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டிருக்கிறீர்களா? நான் என் பாட்டியிடம் கேட்கவில்லை. பிடிவாதமா, பெருமையா, தைக்கப் பயமா என்று இன்றுவரை தெரியாது.

சின்ன ஆச்சிக்குத் தெரிந்திருக்கும். மோதிரம் வேண்டாம் என்று அவர் சொல்வதற்குக் காரணம் இருக்கும், கேளுங்கள். ஆச்சியின் வயதையே எடுத்துக்கொள்ளுங்களேன். 97 என்பதை எப்படிக் கணக்கிட்டீர்கள்? அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. தமிழ் வருஷப் பெயரோ, ஒரு புயலோ, யாருடைய கல்யாணமோதான் கணக்கு. 'பிரபவ வருஷம்' என்று சின்ன ஆச்சி சொன்னால் அது 1927-28. அடுத்த பிரபவ 1987-இல் வந்துவிட்டது. அறுபது வருஷச் சுற்றை முழுசாகப் பார்த்தவர் ஆகிறார் ஆச்சி. 1957-இல் அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்தபோது முப்பது வயதுக் குடும்பத்தலைவி. கடைசிவரை நாலணா, எட்டணா என்றே பேசினார் என்றால் அது மறதியால் அல்ல.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போய்த் தர்ப்பணம் கொடுப்பதெல்லாம் மாமாக்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்களுக்கு வேறு இரண்டு வேலை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆச்சியின் குரல்பதிவு ஏதாவது இருந்தால் இன்றைக்கே வேறோர் இடத்தில் சேமித்து வையுங்கள். போன் மாற்றும்போது முதலில் காணாமல் போவது அதுதான். பிறகு வீட்டிலுள்ள பழைய கல்யாண போட்டோக்களை எடுத்துக்கொண்டு சின்ன ஆச்சியிடம் போங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். அவர் நடுவில் பாட ஆரம்பித்தால் போனில் பதிவு செய்யுங்கள், நிறுத்தாதீர்கள்.

தீபாவளி வரட்டும், பொங்கல் வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். அவருக்குத் தொண்ணூறு வயது. வருகிற ஞாயிற்றுக்கிழமையே போங்கள், வெற்றிலை வாங்கிக்கொண்டு.