அனகோண்டா தமிழ்ப் பெயரா? மலைப்பாம்பை அப்படி அழைக்கலாமா?

"யானையைக் கொல்வதால் ஆனைக்கொன்றான், அதுவே அனகோண்டா ஆனது என்கிறார்களே, உண்மையா? நம் மலைப்பாம்பையும் அப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை வைத்து யாரோடோ வாக்குவாதம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில்: இருக்கலாம், இன்னும் முடிவாகவில்லை. இரண்டாவதற்கு: தயவுசெய்து வேண்டாம். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

சில வருடங்களுக்கு முன் ஐப்பசி மழை சமயத்தில், எங்கள் வாழைத் தோப்பை ஒட்டிய ஓடைக்கரையில் ஒரு மலைப்பாம்பு ஆட்டுக்குட்டியை விழுங்கிவிட்டு நகர முடியாமல் கிடந்தது. மடை திருப்பப் போன பையன் "அனகோண்டா! அனகோண்டா!" என்று கத்திக்கொண்டே ஊருக்குள் ஓடினான். அவ்வளவுதான். கடப்பாரை, மண்வெட்டி, மூங்கில் கம்பு என்று கையில் கிடைத்ததோடு ஜனம் திரண்டுவிட்டது. மலைப்பாம்பு என்று சொல்லியிருந்தால் வேடிக்கை பார்க்க நாலு பேர் வந்திருப்பார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது புதிதல்ல. 1997இல் வந்த ஆங்கிலப் படத்தை டிவியில் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கோ, அனகோண்டா என்றால் ஆளை விழுங்கும் பேய்.

நான் குறுக்கே போய் நின்றேன். என் சித்தப்பாவே கம்போடு முன்னால் நின்றார்.

"தள்ளுடா. நாளைக்குப் பிள்ளையத் தூக்கிட்டுப் போனா நீயா பதில் சொல்லுவ?"

"சித்தப்பா, இது மலைப்பாம்பு. விஷம் கிடையாது. வயிறு நெறஞ்சு கெடக்கு, இப்ப யாரையும் ஏறிட்டுக்கூடப் பாக்காது. அடிச்சா கேஸ் ஆயிடும்."

கேஸ் என்றதும்தான் கம்பு தாழ்ந்தது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. வனத்துறைக்குப் போன் போட்டுவிட்டு, அவர்கள் வரும்வரை பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். வயிறு உப்பிய இடத்தில் செதில்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நடுவே வெளிறிய தோல் தெரிந்தது. மேலுதட்டு ஓரத்தில் வரிசையாகச் சின்னக் குழிகள். இரையின் உடல் சூட்டை இருட்டிலும் அறிவது அவற்றால்தான். வால் தொடங்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய நகங்கள். ஒரு காலத்தில் பாம்புக்குக் கால் இருந்ததன் மிச்சம் அது. கூட்டம் நெருக்கியதும் பயந்துபோய் குட்டியைக் கக்கிவிட்டது. மயிர் படிந்து, நீளவாக்கில் இழுபட்டு, எச்சில் வழிய அது வெளியே வந்ததைப் பார்த்து ஆட்டுக்காரப் பாட்டி அழுதது இன்னும் காதில் இருக்கிறது. பாட்டியின் நஷ்டத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. அதற்காகப் பாம்பைக் கொல்வது தீர்வாகாது என்றுதான் சொல்கிறேன்.

மறுநாள் ஒரு உள்ளூர்ச் சேனலில் "தோப்பில் புகுந்த அனகோண்டா" என்று செய்தி. திருத்தச் சொல்லிப் பேசினால், "மலைப்பாம்புன்னு போட்டா யாருங்க பாப்பா?" என்றார்கள். பாம்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், மோட்டாருக்கு வேண்டிய மும்முனை கரண்ட் ஏன் நடுராத்திரியில் வருகிறது என்று ஒரு செய்தி போட்டார்களா? டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்கிற விவசாயியைக் கடிப்பது கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும். மலைப்பாம்பு அல்ல.

சரி, பெயருக்கு வருகிறேன். ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1693இல் வெளியிட்ட நூலில், இலங்கைப் பாம்பு ஒன்றை 'அனகண்டாயா' என்று குறிக்கிறார். எருமை முதலிய மாடுகளின் உடலை நொறுக்குவது என்று விளக்கமும் தருகிறார். யானை அங்கே இல்லை. ஆனை, கொன்ற என்ற தமிழ்ச் சொற்களோடு அதை இணைத்தது யூல், பர்னெல் என்ற இருவர் 1886இல் வெளியிட்ட ஆங்கில அகராதி. மறுதரப்பு சிங்கள 'ஹெனகந்தயா'வைக் காட்டுகிறது. ஆனால் அந்தப் பெயர் இன்று மெலிந்த கண்கொத்திப் பாம்புக்கு உரியது. இரண்டு வழியிலுமே இடறல் இருக்கிறது. எப்படியானாலும் சொல் புறப்பட்டது நம் கடற்பக்கத்திலிருந்துதான். அமேசான் பாம்பின் மேல் அதை ஒட்டவைத்தவர்கள் ஐரோப்பியர்கள். பிரேசில்காரர்கள் அதே பாம்பை 'சுகுரி' என்கிறார்கள்.

உடனே எனக்குத் தமிழ்ப்பற்று இல்லை என்று யாரும் கிளம்ப வேண்டாம். மலைப்பாம்புக்குச் சங்க காலத்திலேயே மாசுணம் என்ற பெயர் இருக்கிறது. "களிறு அகப்படுத்த பெருஞ்சின மாசுணம்" என்கிறது நற்றிணை 261. யானையையும் பெரும்பாம்பையும் சேர்த்துப் பேச நமக்கு எந்த ஆங்கில அகராதியும் தேவையில்லை. மலைபடுகடாம் அதை விழுந்து கிடக்கும் மரத்துக்கு ஒப்பிடுகிறது; ஓடைக்கரையில் நான் பார்த்தது அச்சு அசல் அதுதான்.

ஆகவே தென்னமெரிக்க நீர்நிலைகளில் வாழ்ந்து குட்டி போடும் பாம்பை மட்டும் அனகோண்டா என்று எழுதுங்கள். முட்டையிட்டு, அதைச் சுற்றிச் சுருண்டு காவல் காக்கும் நம்முடையது மலைப்பாம்பு. இலங்கைத் தமிழில் வெங்கிணாந்தி என்பார்கள். கவிதை எழுதுகிறீர்கள் என்றால் மாசுணம் தாராளமாகப் பொருந்தும். நாள் முழுக்கச் சாப்பிட்டுப் படுத்திருப்பவரை "மலைப்பாம்பு மாதிரி கிடக்கிறான்" என்பதும் பழகிய வழக்குதான், அதில் பிழையில்லை.